நெஞ்சு பதகளிக்கிறதா? நாடியையும் பாருங்கள், இரத்தத்தையும் கேளுங்கள்

வன்னியில் நான் பணிபுரியும் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அக்கா என்னை ஒரு பக்கமாக அழைத்துக்கொண்டு போனார்.

“தங்கச்சி, எனக்கு நெஞ்சு ஒரே பதகளிக்குது. ஒருக்கா ஓடும், ஒருக்கா நிக்கும், பிறகு திரும்ப ஓடும். இரவில படுக்கேலாமல் கிடக்கு” என்றார்.

அவருக்கு 47 வயது. 2009 இல் கணவரை இழந்தவர். ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கியவர். அந்த மாதம் நுண்கடன் தவணையும் தவறியிருந்தது. கடன் சேர்க்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டால் யாருக்குத்தான் நெஞ்சு பதகளிக்காது?

நான் சமூகவியல் படித்தவள். போரினால் பாதிக்கப்பட்ட பெண்களின் உளநிலை பற்றிப் பல பயிற்சிப் பட்டறைகளில் இருந்தவள். ஆகவே அன்று எனது குறிப்புப் புத்தகத்தில், ‘மன அழுத்தம். உளவளத்துணைக்கு அனுப்ப வேண்டும்’ என்று எழுதினேன். எழுதியது பிழையென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை. அவருடைய மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவேயில்லை.

அடுத்து வந்த மாதங்களில் அவர் மெலிந்துகொண்டே போனார். “யோசனையில உருகிப் போனா” என்று அயலவர்கள் சொன்னார்கள். கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வியர்வை, அடிக்கடி வயிற்றுப்போக்கு, மாதவிடாயும் ஒழுங்கில்லை. “அது நிக்கிற வயசுதானே” என்றார்கள். மூன்று தடவை ஓ.பி.டி.க்குப் போனார். ஒவ்வொரு தடவையும் நீண்ட வரிசை, இரண்டு நிமிடப் பேச்சு, ஒரு விற்றமின் குளிசை, ஒரு நித்திரைக் குளிசை. “கனக்க யோசிக்காதேங்கோ அம்மா” என்ற புத்திமதியும் கிடைத்தது.

ஒரு நாள் காலையில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து, பேச்சுக் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். 35 வயதைக் கடந்த பெண்களுக்கென 1996 ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் நடைபெற்று வரும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அக்காவை நான் வேறொரு காரணத்துக்காகக் கூட்டிச் சென்றிருந்தேன். பிரஷர் பார்க்கும் இயந்திரம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கைக் காட்டியது. மிஸ்ஸி இயந்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, “இது யோசனை இல்லை. நாடி தாறுமாறா ஓடுது. இண்டைக்கே ஈ.சி.ஜி. எடுக்கவேணும்” என்றார்.

இதயத்தில் நடப்பது என்ன?

இதயத்துக்கு மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு புள்ளியிலிருந்து மின்துடிப்புப் புறப்பட்டு, மேலறைகளை முதலிலும் கீழறைகளைப் பின்னரும் சுருங்கவைக்கிறது. ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை இது நடக்கும். நல்ல தையல் மெஷின் ஓடுவதுபோலச் சீராக இருக்கும். பயந்தாலோ மாடிப்படி ஏறினாலோ வேகம் கூடும்; ஆனால் தாளம் தப்பாது.

அக்காவுக்கு இருந்தது வேறு. மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தன. இதனை வைத்தியர்கள் ‘ஏற்றியல் பைபிரிலேசன்’ என்பார்கள். உலகில் அதிகமானோருக்குக் காணப்படும் நீடித்த இதயத் தாளக் கோளாறு இதுவே. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி நிற்கும். தேங்கினால் உறையும். அந்த உறைகட்டி புறப்பட்டு மூளைக்குப் போனால் பாரிசவாதம். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்ற நகரத்து மக்களை 1948 இலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து அவதானித்து வரும் ஆய்வில், இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு என்று கண்டார்கள்.

அக்காவின் பத்து நிமிட வாய்க்கோணல் அத்தகைய ஒரு சிறு கட்டி வந்து கரைந்துபோன அடையாளம் என்று பின்னர் வைத்தியர் சொன்னார். தானாகச் சரியாகிவிட்டது என்பதற்காக அதை மறைக்கக் கூடாது. அது பெரிய பாரிசவாதத்துக்கு முன்னறிவித்தல். வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இரத்தம் சொன்ன சேதி

தாளம் தப்பியதைக் காட்டியது ஈ.சி.ஜி. ஏன் தப்பியது என்பதைச் சொன்னது இரத்தம். அக்காவின் இரத்தத்தில் ‘ரி.எஸ்.எச்.’ எனும் ஓமோன் அளவு அநேகமாக இல்லையென்றே சொல்லுமளவுக்குக் குறைந்திருந்தது.

இந்த இடத்தில் பலர் குழம்பிப் போகிறார்கள். துண்டில் கணக்குக் குறைவாக இருந்தால் தைரொயிட் குறைவாக வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். அது எதிர்மாறு. ரி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள ஒரு சுரப்பி, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கு ‘வேலை செய்’ என்று அனுப்பும் கட்டளை. தைரொயிட் தன்பாட்டில் மிதமிஞ்சி வேலை செய்தால் மேலிருப்பவர் கட்டளை இடுவதை நிறுத்திவிடுவார். அதனால் கணக்கு இறங்கிவிடும். சாப்பிட்டும் மெலிதல், கைநடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, மாதவிடாய் மாற்றம், நித்திரையின்மை, படபடப்பு, இவை எல்லாம் மிதமிஞ்சிய தைரொயிட்டின் அறிகுறிகள். மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஊர் சொல்லும் அதே பட்டியல்தான்.

ஃபிராமிங்ஹாமில் 60 வயதைக் கடந்த 2,007 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1994 இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ரி.எஸ்.எச். மிகக் குறைந்திருந்தவர்களில் 100 பேருக்கு 28 பேர் வீதம் இந்தத் தாளக் கோளாறு வந்தது. அளவு சரியாக இருந்தவர்களில் அது 11 பேர் மட்டுமே. முதலில் இரத்தத்தில் மாற்றம், பிறகுதான் இதயத்தில் மாற்றம் என்பதைக் கவனியுங்கள். தைரொயிட் குறைவென்று தைரொக்சின் குளிசை எடுக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். அளவு கூடிப்போனால் அவர்களுக்கும் ரி.எஸ்.எச். இறங்கும். ஆகவே “சுகமாத்தான் இருக்கு” என்று திகதிக்கு இரத்தம் சோதிக்காமல் விடக்கூடாது.

பார்க்க வேண்டிய மற்றவை சாதாரணமானவை. ஈமோகுளோபின் முதலாவது. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12 இற்குக் குறைந்தால் இரத்தச்சோகை. அதில் தாளம் தப்புவதைவிட வேகம் கூடுவதே வழமை. பிள்ளைகளுக்கு முட்டையைக் கொடுத்துவிட்டுத் தான் சொதியோடு சாப்பிட்டு எழும்பும் தாய்மாருக்குப் படபடப்பு வர இதுவே போதும். அடுத்தது பொற்றாசியம். வாந்தி, வயிற்றுப்போக்கு நீடித்தாலும், சலம் போக்கும் குளிசை எடுத்தாலும் இது இறங்கும். இறங்கினால் இதயத்தின் மின்னோட்டமே குழம்பும். சீனியின் அளவும் பார்க்கப்பட வேண்டும்.

இவற்றுக்கு அப்பால் இரண்டு பெயர்கள் இப்போது தனியார் ஆய்வுகூடங்களின் பலகைகளில் தென்படுகின்றன. ஒன்று ‘பி.என்.பி.’. 1988 இல் யப்பானிய விஞ்ஞானிகள் பன்றியின் மூளையில் கண்டுபிடித்தபடியால் பெயரில் ‘மூளை’ ஒட்டிக்கொண்டது. உண்மையில் அதை அதிகமாகச் சுரப்பது இதயம்தான். இதயத்தின் சுவர் பாரம் தாங்காமல் இழுபடும்போது அது இரத்தத்தில் கூடும். ஃபிராமிங்ஹாமில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பத்து வகையான குறிகாட்டிகளை ஒப்பிட்டு 2010 இல் வெளியிட்ட ஆய்வில், பிற்காலத்தில் தாளம் தப்புமா என்பதை முன்கூட்டிச் சொல்வதில் பி.என்.பி. தான் முன்னுக்கு நின்றது.

மற்றையது ‘சி.ஆர்.பி.’. உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்பதைக் காட்டுவது. அமெரிக்காவில் சுகாதாரத்துறையில் வேலை செய்த கிட்டத்தட்ட 25 ஆயிரம் பெண்களைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அவதானித்தபோது, இத்தகைய அழற்சிக் குறிகாட்டிகள் கூடியிருந்தவர்களுக்கே தாளக் கோளாறு அதிகம் வந்தது. ஆனால் டென்மார்க்கில் பரம்பரையாகவே சி.ஆர்.பி. கூடியிருப்பவர்களைச் சோதித்தபோது அவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வரவில்லை. அதாவது சி.ஆர்.பி. நெருப்பு அல்ல, புகை. புகையைக் கண்டால் எங்கே எரிகிறது என்று தேடலாம், அவ்வளவே.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ‘முழு உடற் பரிசோதனை’ என்று விளம்பரம் பார்த்து, அடகு வைத்த காசில் ஒரு பெண் இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் செய்துகொண்டு வந்து துண்டை என்னிடம் நீட்டினார். அவருக்கு ஈ.சி.ஜி. ஒருபோதும் எடுக்கப்பட்டிருக்கவில்லை! குறிகாட்டிகள் வாய்ப்பைச் சொல்பவை, நோயைச் சொல்பவை அல்ல. பி.என்.பி. தேவையென்றால் வைத்தியர் எழுதுவார். நீங்களாகப் போய்க் காசைக் கரைக்க வேண்டாம். நாடி பார்க்க ஒரு சதமும் தேவையில்லை, ஈ.சி.ஜி. அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்.

அப்படியானால் யோசனைக்குப் பங்கில்லையா?

இருக்கிறது. 2001 இற்குப் பிந்திய போர்களில் பணியாற்றிய சுமார் 11 இலட்சம் அமெரிக்கப் படையினரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. போரின் மனவடு நோயாக நிலைத்துவிட்டவர்களுக்கு, மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும், இந்தத் தாளக் கோளாறு 13 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள், துப்பாக்கி பிடித்தவர்கள். பங்கருக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு இருந்த பெண்களை இப்படி எண்ணிப் பார்த்த ஆய்வு எதையும் நான் கண்டதில்லை. ஆனாலும் மனவடு உடலில் இறங்குகிறது என்பதற்கு அது சாட்சி. ஆகவே உளவளத்துணைக்குப் போகிற சகோதரிகள் அதை நிறுத்தவேண்டியதில்லை. ‘யோசனை’ என்ற சொல் நாடி பார்க்காமலிருக்க ஒரு சாட்டாக மாறக்கூடாது என்பதே எனது கவலை. கணவனை இழந்த பெண் என்று தெரிந்தவுடனேயே அவளது உடல் வருத்தம் முழுவதையும் மனவருத்தமாக மாற்றி எழுதிவிடுகிறோம். நானும் எழுதினேன்.

நாடி பார்ப்பது கடினமல்ல. ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் மூன்று விரலை வையுங்கள். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையைவிட இடைவெளிதான் முக்கியம். இடைவெளி ஒன்றுபோல இருக்கிறதா, மழை விட்டபின் தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் மாதிரி ஒழுங்கின்றி விழுகிறதா என்று பாருங்கள். எப்போதாவது ஒரு துடிப்புத் தவறுவது பலருக்கும் உண்டு. ஆனால் முழுவதும் ஒழுங்கின்றி இருந்தாலும், ஓய்வில் 100 இற்கு மேல் ஓடினாலும், படபடப்போடு மயக்கமோ நெஞ்சுநோவோ இளைப்போ வந்தாலும் தாமதிக்க வேண்டாம். வைத்தியரிடம் ‘பதகளிக்குது’ என்று மட்டும் சொல்லாமல், “நாடி ஒழுங்கில்லாமல் ஓடுது டொக்டர், ஒரு ஈ.சி.ஜி. எடுக்கலாமோ? தைரொயிட்டும் பார்க்கலாமோ?” என்று கேளுங்கள். படபடப்பு வந்து போகிற ஒன்றென்றால், வந்த திகதியையும் நேரத்தையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கும் நேரத்தில் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். அந்தக் குறிப்புத்தான் உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

அக்காவுக்குத் தைரொயிட்டை அடக்கும் காபிமசோல் குளிசையும், இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குளிசையும் கொடுத்தார்கள். காபிமசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோடு தொண்டைநோ வந்தால் அன்றே குளிசையை நிறுத்தி வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். வோபரினுக்கு ‘ஐ.என்.ஆர்.’ என்ற சோதனை. அவருக்கு அது 2 இற்கும் 3 இற்கும் இடையில் நிற்க வேண்டும் என்றார்கள். குறைந்தால் உறையும், கூடினால் இரத்தம் கசியும். “கீரை சாப்பிடக்கூடாதாம்” என்று ஊரில் ஒரு கதை. அப்படியல்ல. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் சாப்பிடலாம். ஒரு கிழமை ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு மறுகிழமை மூன்று வேளையும் கீரை என்று மாற்றக்கூடாது, அவ்வளவுதான். நோவுக்குளிசையோ நாட்டு மருந்தோ கேட்காமல் எடுக்கக்கூடாது. பிள்ளை தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வோபரின் பற்றி வைத்தியருக்குச் சொல்லிவிட வேண்டும். சிசுவுக்கு அது ஆகாது.

ஐந்து மாதத்தில் ரி.எஸ்.எச். ஏறத் தொடங்கியது. தைரொயிட் அடங்கியதும் பலருக்கு நடப்பதுபோல இதயமும் தாளத்துக்குத் திரும்பியது. இப்போது நூலைத் தானே கோக்கிறார். கடன்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இன்னும் பதகளிக்கிறதாம். “அதுக்கு இரத்தம் குத்தத் தேவையில்லைத் தங்கச்சி” என்று சிரித்தார்.

தொண்டைநோவிலிருந்து வந்த இதயநோய்

இன்னுமொருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 2009 இல் மெனிக்பாம் முகாமுக்குப் போனபோது அவருக்குப் பதினொரு வயது. ஒரே கூடாரத்தில் பலர் நெருங்கிப் படுத்த காலம். அங்கே தொண்டைநோ வந்தது. பிறகு முழங்கால், கணுக்கால் எல்லாம் மாறி மாறி வீங்கியது. வீக்கம் வற்றியதும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். யாருக்கு இருந்தது அதை ஞாபகம் வைத்திருக்க நேரம்!

அது மூட்டுவாதக் காய்ச்சல். ஒருவகைப் பற்றீரியாவால் வரும் தொண்டை அழற்சிக்கு இரண்டு மூன்று வாரங்களின் பின் தோன்றுவது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளையே பெரும்பாலும் பிடிக்கும். நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் அதிகம். அந்த நேரத்தில் ‘ஏ.எஸ்.ஓ.’ என்ற இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் பற்றீரியா வந்துபோன தடயம் தெரிந்திருக்கும். மூட்டு வீக்கம் போய்விடும், ஆனால் இதய வால்வில் வடு தங்கிவிடும். ஆண்டுகள் செல்ல வால்வு சுருங்கி, மேலறை வீங்கித் தாளம் தப்பும். சுருங்கிய வால்வும் தாளக் கோளாறும் சேர்ந்தால் பாரிசவாத ஆபத்து 5 மடங்கல்ல, சுமார் 17 மடங்கு. இது பெண்களையே அதிகம் பாதிக்கிறது. 24 நாடுகளில் நடத்தி 2022 இல் வெளியான ஆய்வொன்றில் பங்குபற்றிய இத்தகைய நோயாளரில் 100 இற்கு 72 பேர் பெண்கள். புதிய விலை கூடிய மருந்தைவிடப் பழைய வோபரினே இவர்களுக்கு நல்லது என்பதும் அந்த ஆய்வில்தான் தெரியவந்தது.

அந்தப் பிள்ளைக்குத் திருமணமாகி ஏழாம் மாதத்தில் இளைப்பு வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. கர்ப்ப காலத்தில் உடலிலுள்ள இரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட அரைப்பங்கு கூடும். சுருங்கிய வால்வு அதைத் தாங்காது. “முதற் பிள்ளைக்கு இப்பிடித்தான்” என்று மாமியார் சொன்னதைக் கேளாமல், கிளினிக்கில் மிஸ்ஸி வாட்டில் மறிக்க அனுப்பினார். ஸ்கானில் வால்வு தெரிந்தது. தாளம் இன்னும் தப்பியிருக்கவில்லை, நல்லகாலம். கவனமாக வைத்திருந்து பிரசவம் பார்த்தார்கள். பிறகு கொழும்பில் பலூன் விட்டு வால்வை விரித்தார்கள்.

முகாம்களிலும் இடம்பெயர்வுகளிலும் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது தாய்மாராகும் வயதில் இருக்கிறார்கள். சின்ன வயதில் மூட்டுகள் மாறி மாறி வீங்கிய ஞாபகம் இருந்தால், முதல் கர்ப்பக் கிளினிக்கிலேயே அதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அவர் இப்போது மூன்று கிழமைக்கு ஒருதடவை பெனிசிலின் ஊசிக்குப் போகிறார். இரண்டு நாள் கை நோகும், தையல் வகுப்புக்கு வரமாட்டார். போன மாதம் அவருடைய மகனுக்குக் காய்ச்சலும் தொண்டைநோவும். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் சொன்னார்களாம். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.